நாலாவது டப்பா

இல்ல தம்பி, அந்த நாற்காலி வேணாம், அது ஆளப் பாத்துத்தான் நிக்கும். கட்டில்லயே உக்காருங்க. பையக் கீழ வைக்காதீங்க, தரையெல்லாம் ஈரம். மழை பேஞ்சா இந்தச் சந்துத் தண்ணி படியேறி உள்ள வந்து எல்லாரயும் விசாரிச்சுட்டுத்தான் போகும். மேசை மேல வைங்க. ஆங், அப்படித்தான். நாலு டப்பாவும் இருக்குல்ல? நாலாவதும்? சரி சரி, கோவிச்சுக்காதீங்க. கடுதாசிக்குக் கடுதாசி அதையே எழுதி உங்களத் தொல்ல பண்ணிட்டேன். மூணக் கொண்டாந்துட்டு நாலாவது மெட்ராஸ்லயே கெடக்குதுன்னு நீங்க சொல்லிட்டா என்ன பண்றதுன்னு ஒரு பயம்.

இப்பத் தொறக்க வேணாம். டீயக் குடிங்க மொதல்ல. கரண்டு நாலு மணிக்குத்தான் வரும், புரொஜெக்டர் போட முடியாது. அவசரம் என்னத்துக்கு, உங்க பிளேன் நாளைக்குத்தான. டான் சோன் நாட் ஏர்போர்ட்டு இங்கேருந்து அரை மணி நேரம், சிக்லோ ரிக்‌ஷாவுல போனாக்கூட போயிரலாம்.

சண்முகவேல்னு பேரப் பாத்தப்ப வயசான ஆளா இருப்பீங்கன்னு நெனச்சேன். இந்த வயசுல பழைய ஃபிலிம் பைத்தியமான்னு இருக்கு. தமிழ் பேசி எத்தன நாளாச்சுங்கறீங்க! சொல்லு வாய்க்கு வர மாட்டேங்குது, வந்தாலும் வியட்நாமியச் சொல்லு முந்திக்கிட்டு ஓடியாருது. எப்பவாச்சும் மாரியம்மன் கோயில் பக்கம் போவேன். இக்னாஸ்னு பேர வச்சுக்கிட்டு வேதக்காரக் கிறிஸ்துவனுக்கு அம்மன் கோயில்ல என்னய்யா வேலன்னு கேப்பீங்க. தமிழ் காதுல விழுமான்னுதான் போறது. முந்தியெல்லாம் செட்டியாருங்க இருப்பாங்க, மார்க்கெட்டுல துணிக்கட வச்சிருந்த நம்மாளுங்க இருப்பாங்க. இப்ப இந்த ஊர்ப் பொம்பளைங்கதான் ஊதுவத்தியக் கொளுத்திக்கிட்டு நிக்கிறாங்க. அம்மனுக்கே தமிழ் மறந்து போயிருக்கும்.

நானா? காரைக்கால். பதிமூணு வயசுல கப்பலேறி வந்தவன், எங்க மாமா கூட. இப்ப எழுபது. நடுவுல என்ன ஆச்சுன்னு யாராச்சும் கேட்டா, ஃபிலிம் சுத்துனேன்னு சொல்லுவேன்.

சரி, பேச்சுன்னா பேச்சு. உங்க நாலு டப்பாவ எனக்குக் குடுக்கறீங்க. கட்டிலுக்கு அடியில இருக்கற என் நாலு டப்பாவ நீங்க எடுத்துக்கறீங்க. காசு பேச்சே கெடையாது. உங்களுதுல வெளிய கோயிங் அப் மிஸ் டோலன்னு அமெரிக்கப் படத்துப் பேரு எழுதியிருக்கும், உள்ள உரம் போடுற படம். என்னுதுல வெளிய உரம் போடுற படம்னு எழுதியிருக்கும், உள்ள மிஸ் டோலன். இப்படி ஒரு வியாபாரம் உலகத்துல நடந்திருக்குமா? உங்களுக்குக் கசக்குமா என்ன. ஆனா மனசுக்குள்ள ஓடுது பாருங்க, இந்தக் கெழவனுக்கு இந்தக் குப்ப எதுக்குன்னு. ஓடட்டும். சொல்றேன்.

படத்த நீங்க புத்தகத்துல படிச்சிருக்கீங்க. நான் வெரலால படிச்சவன். மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு தெருவுல ஃபிலிம் டிப்போ இருந்துச்சு, பதினாறு மில்லிமீட்டர் படமா வாடகைக்கு விடுவோம். பட்டாளத்துக்கு, கிளப்புக்கு, கான்வெண்டுக்கு, எல்லாத்துக்கும். போன படம் திரும்பி வந்தா ஆரோக்கியமா வராது. ஓரத்துல மெஷின் பல்லு மாட்டுற ஓட்டை கிழிஞ்சு, நடுவுல அறுந்து, எவனோ குண்டூசி குத்தி வச்சு வரும். சுத்துற மேசையில மாட்டி, ஒரு கையால சுத்திக்கிட்டே இன்னொரு கையோட ரெண்டு வெரலுக்கு நடுவுல ஓரத்த ஓட விடணும். கிழிசல் வந்தா வெரல்ல நறுக்குன்னு படும். நிறுத்தி, வெட்டி, சொரண்டி, ஒட்டணும். இருபத்தி ரெண்டு வருஷம் அதான் என் ஜோலி. கண்ணாடி போட்டுக்கிட்டு மானிட்டர்ல பாக்குற வேல இல்ல இது. இந்த வெரலப் பாருங்க, ரேகையே இல்ல. இந்தப் புது அரசாங்கத்துக்காரங்க வந்து அடையாளச் சீட்டுக்குக் கைநாட்டு எடுத்தப்ப, மையி அப்பிக்கிச்சே ஒழிய ரேகை விழல. அந்த ஆபீசர் என்னய ஒரு மாதிரி பாத்தாரு.

மிஸ் டோலன எத்தன தடவ சுத்தியிருப்பேன், ஒரு எரநூறு தடவ. திரையில முழுசா பாத்தது ரெண்டே தடவதான். உண்மையச் சொல்லட்டுமா? குப்பப் படம். ஏழு மாடி துணிக்கடையில லிஃப்ட் ஓட்டுற பொண்ணு. முதலாளி மகன் மூட்ட தூக்குறவனா வேஷம் போட்டு வந்து அவளக் காதலிக்கிறான். எதுக்கு வேஷம்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டான். மாடிக்கு ஒரு பாட்டு. லிஃப்ட் கதவு தொறந்தா செருப்புப் பாட்டு, மூடித் தொறந்தா தொப்பிப் பாட்டு. ஒண்ணும் தேறாது. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் வேற படத்துலயே நடிக்கலயாமே? பாத்தீங்களா, உங்க மூஞ்சியில ஒரு வெளிச்சம் வருது பாருங்க. அதான் உங்க கூட்டம். அவ நூறு படம் நடிச்சிருந்தா நீங்க திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டீங்க.

ஏழாவது மாடி. ஆமா, மெத்தைக் கடை. வந்துட்டீங்க விஷயத்துக்கு.

இருக்கு தம்பி. மூணாவது டப்பாவுல முழுசா இருக்கு. நாப்பது மெத்தைய வரிசையா போட்டு, பதினாறு பொண்ணுங்க இரவு உடையில வெறுங்காலோட குதிச்சு ஆடுறது. நாலு நிமிஷம் பதினோரு செகண்டு. அமெரிக்காவுல பாதிரிச் சாமியாருங்க சண்ட போட்டதுல அங்க வெட்டிட்டாங்க, தொலைக்காட்சிக்கும் வெட்டுனதுதான் போச்சு. சண்டைக்குப் போன சோல்ஜருக்குன்னு அனுப்புன பிரதியில மட்டும் யாரும் கை வைக்கல. கையெடுத்துக் கும்புடாதீங்க, அட எந்திரிங்க, என்ன தம்பி இது.

ஏன் உங்களுக்கெல்லாம் இப்படி? நான் கிண்டலுக்குக் கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். நல்ல படம் எல்லாருகிட்டயும் இருக்கு, அதனால அது வேணாம். மட்டமான படம், அதுவும் எவனோ வெட்டிப் போட்ட நாலு நிமிஷம், அது உலகத்துல ஒருத்தன்கிட்டதான் இருக்குன்னா சோறு தண்ணி எறங்காது. எப்படி? காணாமப் போறது பாவமா இருக்கா? ம். நல்லாத்தான் சொல்றீங்க. எனக்கும் ஒருத்தரு இப்படித்தான் சொன்னாரு, அதே மாதிரி மண்டைய ஆட்டிக்கிட்டு.

எழுபத்தி ஒண்ணுல விமானத் தளத்துல ஒரு அமெரிக்கச் சார்ஜென்ட். உங்க ஜாதிதான், பழைய படம் சேக்குறவரு. வாராவாரம் டிப்போவுக்கு வந்து படப் பேரு எழுதின கார்டையெல்லாம் பொரட்டிக்கிட்டு நிப்பாரு. ஒரு நாளு நான் மேசையில மெத்தைப் பாட்ட ஒட்டிக்கிட்டிருக்கேன், எட்டிப் பாத்தவரு அப்படியே ஒறஞ்சு போயிட்டாரு. விலைக்குக் கேட்டாரு. முதலாளி குடுக்க மாட்டேன்னாரு, அது கம்பெனிச் சொத்து. சார்ஜென்ட் என் தோள்ல கைய வச்சு, உலகத்துல இது ஒண்ணுதான் முழுசா இருக்கு, உன் கையில இருக்கு, விட்டுராதன்னாரு. அதுவரைக்கும் எனக்கு யாருமே எதயுமே அப்படி ஒப்படைச்சதில்ல. கறுப்புத் தோலு, ஃபிலிம் ஒட்டுற வேல, இந்த ஊர்ல நம்மள என்னத்துக்கு மதிப்பாங்க. அன்னைக்கு நான் நடந்து வரல, மெதந்து வந்தேன்.

வீட்டுல வந்து பொண்டாட்டிகிட்டச் சொன்னேன், உலகத்துலயே ஒண்ணுதான் இருக்காம்டி, அது என் கையிலன்னு. அவ மீன் ஆஞ்சுக்கிட்டே, அப்ப இன்னைக்கு அதயே கொழம்பு வச்சிரலாமான்னு கேட்டா. தெரேஸ்னு பேரு. இந்த ஊர்க்காரிதான். ஆனா தமிழ்ல திட்டுற அளவுக்குக் கத்துக்கிட்டா, அதுக்கு மேல அவளுக்குத் தேவப்படல. இல்ல, வெளிய போகல. அவளும் பொண்ணும் இருந்தாங்க. இப்ப இல்ல. டீ ஆறுது பாருங்க, குடிங்க.

எழுபத்தஞ்சு ஏப்ரல். இவங்க விடுதலைம்பாங்க, ஓடிப் போனவங்க வீழ்ச்சிம்பாங்க. நான் வெறும் ஏப்ரல்னு சொல்லுவேன், வம்பில்ல. முதலாளி சாவிய என்கிட்டக் குடுத்துட்டு, ரெண்டு வாரத்துல வர்றேன் முசே இக்னாஸ்னு சொல்லிட்டுப் போனாரு. இன்னும் வந்துக்கிட்டிருக்காரு. மூணு மாசம் கழிச்சு ஒரு அதிகாரியம்மா வந்துச்சு, ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு, மரியாதையான அம்மா. கெட்டுப்போன கலாச்சாரப் படமெல்லாம் ஒப்படைக்கணும்னு உத்தரவு. எங்க லிஸ்ட்டு பிரெஞ்சுல இருந்துச்சா, என்னயே படிக்கச் சொல்லுச்சு. நான் படிக்கப் படிக்க அது எழுதிக்கிட்டே வந்துச்சு. மிஸ் டோலன், நாட்டியம், நாலு டப்பா. அடுத்த வியாழக்கெழம லாரி வரும், டப்பாவ எண்ணி ஏத்தணும், கொறைஞ்சா நீங்கதான் பொறுப்புன்னு சொல்லிட்டுப் போயிருச்சு.

எனக்கென்ன, குடுத்துட்டுப் போக வேண்டியதுதான? ஊர்ல என்னென்னமோ போச்சு. பக்கத்து வீட்டு வாத்தியாரு போனாரு, எதிர்வீட்டு ரெண்டு பயலுக போனானுக. நான் ஒரு லிஃப்ட் பொண்ணுக்காக அழுதுக்கிட்டிருக்கேன். ஆனா விடல தம்பி. அந்தச் சார்ஜென்ட் சொன்னது காதுக்குள்ளயே கெடந்துச்சு. நூத்திப் பன்னெண்டு ஒட்டு போட்டிருக்கேன் அந்தப் படத்துல, ஒவ்வொரு ஒட்டும் எந்த எடத்துல இருக்குன்னு தெரியும். என் கையால உயிரோட வச்சிருந்தது, அத ஒப்படைக்கவான்னு ஒரு வீம்பு. அரசன நம்பிப் புருஷனக் கைவிட்ட கத கேட்டிருக்கீங்கள்ல? இருங்க, அங்கதான் வர்றேன்.

லிஸ்ட்டுல நாலுன்னா நாலு டப்பா போயாகணும். டப்பாவ எண்ணுவாங்க, சந்தேகம் வந்தா ஒண்ண ரெண்டத் தொறப்பாங்க, வெயிட்டு கையில தெரியும். அதனால மிஸ் டோலன அவுத்து, சைக்கிள் கூடையில கீரைக்கட்டுக்கு அடியில வச்சு ஒரு நாளைக்கு ஒரு ரீலா வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். டிப்போவுல விவசாய எலாகா படம் கொஞ்சம் கெடந்துச்சு, உரம் போடுறது, மாட்டுக்கு ஊசி போடுறது, யாரும் வாடகைக்கு எடுக்காத சரக்கு. அத அவளோட டப்பாவுல அடைச்சேன். மூணு டப்பா ரொம்பிருச்சு. நாலாவதுல முக்காவாசிக்குக் கொறைச்சலா நிக்கிது. முந்நூறு அடி தேவ. மிச்சம் இருந்ததெல்லாம் லிஸ்ட்டுல ஏறிப்போச்சு, அதுல கை வைக்க முடியாது. புதன்கெழம ஆயிருச்சு.

வீட்டுல ஒரு முந்நூறு அடி இருந்துச்சு. பொட்டிக்கு மேல வச்சிருந்தேன். அத எடுத்துட்டுப் போயி ஒட்டிட்டேன்.

என்ன ஃபிலிமா? சொல்றேன்னேனே. வெளிச் சுத்துல வர்ற மாதிரி ஒட்டினேன், அதான் கெட்டிக்காரத்தனம். தொறந்து வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா மாடு தெரியக் கூடாது, மனுசங்க தெரியணும், வெள்ளையா உடுத்திக்கிட்டு, சினிமா மாதிரி. யோசிச்சுப் பாத்தா என் வாழ்க்கையிலயே நான் சாமர்த்தியமா பண்ணின காரியம் அது ஒண்ணுதான். வியாழக்கெழம அந்த அம்மா நாப்பத்தி எட்டு டப்பாவுல ஒண்ணே ஒண்ணத்தான் தொறந்துச்சு. எதத் தொறந்திருக்கும்ங்கறீங்க? அதேதான். ரெண்டு கை நீளம் இழுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பாத்துச்சு. யாரு இவங்கன்னு கேட்டுச்சு. படத்துல வர்றவங்கன்னு சொன்னேன். டிக் போட்டுச்சு. லாரி போயிருச்சு.

எரிச்சிருப்பாங்கன்னுதான் பதினேழு வருஷம் நெனச்சுக்கிட்டிருந்தேன். மனசு அதுல ஒரு மாதிரி அமைதியாக்கூட ஆயிருச்சு. எரிஞ்சது எரிஞ்சது. அப்புறந்தான் உங்க கடுதாசி வந்துச்சு. எனக்கு வரல, சோலோன் சீனப் பேட்டையில பழைய இரும்பு வாங்குற அந்தச் சீனக் கெழவருக்கு நீங்க எழுதினீங்கள்ல, திட்டி? மிஸ் டோலன்னு சொல்லி மாட்ட வித்துட்டியேன்னு? அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. இங்கிலீஷ் தெரிஞ்ச கறுப்பன் ஒருத்தன் இந்தச் சந்துல இருக்கான்னு என்கிட்டத் தூக்கிட்டு வந்தாரு. படிச்சேன். நாலு டப்பா, வெளிய மிஸ் டோலன், உள்ள உரம் போடுறது, மாட்டுக்கு ஊசின்னு எழுதியிருந்தீங்க. திரும்பவும் மொதல்லேருந்து சத்தமாப் படிச்சேன். கெழவரு அவரத்தான் போலீசுல புடிச்சுக் குடுக்கப் போறாங்கன்னு நெனச்சு எந்திரிச்சு ஓடப் பாத்தாரு. அரசாங்கக் கெடங்குக் காவல்காரன் எவனோ டப்பா தகரத்துக்காக வித்திருக்கான், இவரு உள்ள ஃபிலிம் இருக்கறத பாத்துட்டு எடுத்து வச்சிருக்காரு, அதத்தான் நீங்க வாங்கியிருக்கீங்க. எரியல தம்பி. ஒண்ணுமே எரியல.

சரி. டீ ஆச்சா? தொறந்திருவோம்.

இல்ல, நானே தொறக்கறேன், நீங்க ஜன்னலத் தொறந்து விடுங்க, வெளிச்சம் வேணும். மூணையும் விடுங்க, அதப் பாத்துக்கலாம். நாலாவது. மூடி இறுகிப் போச்சு, இந்த ஸ்பூன இப்படிக் குடுங்க. ம். புளிப்பு வாட இல்ல, ஃபிலிம் கெட்டுப் போகல, பரவாயில்ல, நல்லா வச்சிருந்திருக்கீங்க. உங்க ஆளுங்க நல்லாத்தான் வச்சிருப்பீங்க. மெர்சி தம்பி, அதுக்கே உங்களுக்கு நன்றி சொல்லணும். கொஞ்சம் தள்ளிக்கங்க, நெழலு விழுது.

இது மாடு.

மேலயே மாடு வருது. வெளிச் சுத்துல... இருங்க, தலகீழா சுத்தியிருப்பீங்க, உள்பக்கம் இருக்கும். இல்ல. இதுவும் மாடு. வெரல்லயே தெரியுது, இங்க ஒரு ஒட்டு இருக்கணும், நான் போட்ட ஒட்டு, அது இல்ல. புதுசா வெட்டியிருக்கு. நீங்க வெட்டுனீங்களா?

எதுக்கு?

லீடருக்கா.

ஆமா. ஆமா தம்பி, தெரியும், எனக்குத் தெரியாதா. படத்துக்கு முன்னாடி பத்தடி வெட்டியா ஒரு துண்ட ஒட்டி வச்சிக்கிட்டா, மெஷின்ல மாட்டுறப்ப கிழியறது அந்தத் துண்டாத்தான் இருக்கும், படத்துக்குச் சேதாரம் இல்ல. நானும் அதத்தான் செஞ்சேன் இருபத்தி ரெண்டு வருஷம். யாருக்கும் வேண்டாத படத்த எடுப்போம், வெட்டுவோம், தலையில ஒட்டுவோம். கீறல் இல்லாத சுத்தமான துண்டா பாத்துத்தான் எடுப்போம். இது சுத்தமா இருந்துச்சு, ஆமா, ரெண்டு தடவதான் ஓடியிருக்கு. நீங்க வெட்டுனது தப்பே இல்ல. உங்க எடத்துல நான் இருந்தா நானும் வெட்டியிருப்பேன்.

முந்நூறு அடியும்? மிச்சமே இல்லாம?

அப்ப முப்பது படத்துத் தலையில இருக்கு. எல்லாம் மெட்ராஸ்ல உங்க வீட்டுலதான? ஓ. மாத்திக்கிட்டீங்க. பம்பாய்க்கு எத்தன போச்சு? இங்கிலாந்துக்கும் போச்சா. உங்க ஆளுங்க பழக்கந்தான, ஒண்ணக் குடுத்து ஒண்ண வாங்குறது. யாருக்கு எதக் குடுத்தோம்னு ஞாபகம் இருக்காதுதான். பதினொண்ணு மட்டும் வீட்டுல இருக்கும்ங்கறீங்க. அந்தப் பதினொண்ணும் நீங்க அடிக்கடி ஓட்டுற படம், அப்ப பல்லுல கடிபட்டு இந்நேரம் நார்நாரா இருக்கும். பரவால்ல தம்பி. பரவால்லங்கறேன்ல. உக்காருங்க.

இல்ல, பேச்சுன்னா பேச்சு, மிஸ் டோலன எடுத்துக்கிட்டுத்தான் போறீங்க. அத வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன். இந்தாங்க, ஒண்ணு, ரெண்டு, மெத்தைப் பாட்டு மூணாவதுல, நாலு. பைக்குள்ள பத்தரமா வைங்க. டான் சோன் நாட்ல கேட்டா விவசாயப் படம்னு சொல்லுங்க, வெளிய அப்படித்தான் எழுதியிருக்கு. காசெல்லாம் உள்ள வைங்க, அசிங்கமா இருக்கு. ஏன் அழுவுறீங்க, நான் ஒண்ணும் சொல்லலயே இன்னும்.

ஒண்ணும் பெருசா இல்ல தம்பி. எங்க டிப்போவுல பிரான்சுவான்னு ஒருத்தன், பாண்டிச்சேரிக்காரன், கம்பெனி கேமராவ எடுத்தாந்து புடிச்சான். என் பொண்ணு ஜூலியேத்துக்குப் புது நன்மை, மொத தடவ நற்கருணை வாங்குற நாளு, எட்டு வயசு. மாதா கோயில் வாசல்லேருந்து தெரு முன வரைக்கும் வெள்ள உடுப்புல நடந்து வருவா, பக்கத்துல தெரேஸ் கொட புடிச்சிக்கிட்டு. அவ்வளவுதான் படம். முந்நூறு அடியும் நடக்கறதுதான். டப்பா கொறையுதுன்னு நான் அத எடுத்தப்ப ஆளுங்கதான் வீட்டுலயே இருக்காங்களே, படம் எதுக்குன்னு நெனச்சேன். எழுபத்தி ஒம்போதுல ரெண்டு பேரும் படகுல நாட்ட விட்டுப் போனாங்க. நான் பிரெஞ்சுக் குடியுரிமைப் பேப்பர் வரும், பிளேன்லயே போகலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன், தெரேஸ் காத்திருக்கல. போட்டா ஆல்பத்தையும் நாந்தான் எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னேன், போற எடத்துல பாத்துக்கிட்டு இருப்பீங்கன்னு. கடுதாசி வரல. போயிச் சேந்தவங்க லிஸ்ட்டு எதுலயும் பேரு வரல. முகம் மறந்து போச்சுன்னு சொன்னா பாவம். ஆனா நடை மறந்து போச்சு தம்பி. அவ எப்படி நடப்பான்னு எனக்குத் தெரியல.

மழை விட்டுருச்சு. நீங்க கெளம்புங்க, சந்து முனையில சிக்லோ நிக்கும்.

ஒண்ணே ஒண்ணு. நீங்கல்லாம் லீடரு ஓடி முடிஞ்சு படம் வந்தப்புறந்தான புரொஜெக்டர் லைட்டப் போடுவீங்க? எல்லாரும் அப்படித்தான், நானும் அப்படித்தான். இனிமே மெட்ராஸ்ல எந்தப் படம் ஓட்டுனாலும், மொத பத்தடியிலேருந்தே லைட்டப் போட்டுருங்க.